கண்ணுக்கேற்ற எழுத்து: நிரல் எழுதும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



கணினிக்கு நிரல் எழுதுவதையும், பிறர் எழுதிய நிரலைப் படித்துத் திருத்துவதையும் ஜீவனமாகக் கொண்டு, காலை முதல் அந்தி வரையிலும், பல நாட்களில் அந்திக்கு அப்பாலும், திரையில் தோன்றும் எழுத்துக்களிலேயே கண்ணைப் பதித்திருக்கும் உங்களிடம் ஒரு விண்ணப்பம் செய்துகொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். நாற்காலியின் உயரத்தை இடுப்புக்கு ஏற்பச் சரிசெய்துகொள்கிறோம். விசைப்பலகை விரலுக்கு ஒத்துவராவிட்டால் வேறொன்று வாங்கிக்கொள்கிறோம். திரையின் பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டுமா, கறுப்பாக இருக்க வேண்டுமா என்று மணிக்கணக்கில் வாதம் புரிகிறோம். இவ்வளவுக்கும் நடுவே, நம் கண் நாள் முழுவதும் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அந்த எழுத்தின் உருவத்தை மட்டும், எடிட்டரை நிறுவிய தினத்தில் எது வந்து சேர்ந்ததோ அதுவே கதி என்று விட்டுவிடுகிறோம். மோனோஸ்பேஸ் என்று நாம் வழங்கும் சம அகல எழுத்துருவை அவரவர் கண்ணுக்கும் திரைக்கும் ஏற்பத் திருத்திக்கொள்ளும் உரிமையும் உண்டு, சாதனமும் உண்டு. இரண்டையும் உபயோகித்துக்கொள்ளுங்கள் என்பதே நான் சொல்ல வந்த விஷயம்.

இதனால் பிறருக்கு யாதொரு சங்கடமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரிக்கு உள்தள்ளல் விடுவதில் டேப் விசையா, இடைவெளி விசையா என்ற வழக்கில் ஒருவர் செய்யும் மாறுதல் கோப்பிலேயே பதிந்து, குழுவில் உள்ள அத்தனை பேரையும் பாதிக்கிறது. எழுத்துருவோ உங்கள் திரையோடு நின்றுவிடுகிறது. நீங்கள் பூஜ்யத்துக்குள் புள்ளி வைத்துக்கொண்டாலும், அடுத்த மேஜையில் இருப்பவர் கோடு போட்டுக்கொண்டாலும், கோப்பில் இருப்பது ஒரே பூஜ்யந்தான்.

எழுத்துக்கள் அனைத்துக்கும் ஒரே அகலம் என்னும் ஏற்பாடு தட்டச்சுப் பொறி நமக்கு விட்டுச்சென்ற சொத்து. எந்த விசையை அழுத்தினாலும் காகிதத்தைத் தாங்கிய உருளை ஒரே அளவு தூரமே நகரும் ஆகையால், ஒல்லியான எழுத்துக்கும் பருத்த எழுத்துக்கும் ஒரே அளவு இடந்தான் கிடைத்தது. 1950-களின் மத்தியில் ஐ.பி.எம். தட்டச்சுப் பொறிகளுக்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்த கூரியர் என்னும் எழுத்துரு, ஓர் அங்குலத்துக்கு 10 எழுத்து என்ற கணக்கில் அமைந்தது. அதன் கணினி வடிவத்தில், எழுத்துச் சதுரத்தின் பக்கத்தை 1000 கூறாகப் பகுத்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் 600 கூறு அகலம் வாய்க்கிறது. 12 புள்ளி அளவில் அது 7.2 புள்ளியாகி, அங்குலத்தின் 72 புள்ளிகளுக்குள் சரியாகப் பத்து எழுத்துக்களை அடக்குகிறது. அடோபி நிறுவனம் 2012-இல் வெளியிட்ட சோர்ஸ் கோட் புரோவிலும், 2020-இல் வந்த ஜெட்பிரெயின்ஸ் மோனோவிலும் அதே 600 இன்றும் தொடர்கிறது. இந்த ஒரே அகலத்துக்குள் ஆங்கிலத்தின் சிறிய ‘எம்’ மூன்று தண்டுகளோடு நெருக்குண்டு நிற்க, சிறிய ‘ஐ’ தனக்கு மிஞ்சிய இடத்தை நிரப்புவதற்காக அடியில் பாதம் விரித்துக்கொள்கிறது. வரைபவன் கைவண்ணம் முழுவதும் இந்த நெருக்கத்தையும் விரிவையும் கண் உணராதபடி மறைப்பதில் அடங்கியிருக்கிறது.

குழப்பத்தின் விதையும் அதே பொறியில்தான் ஊன்றப்பட்டது. பழைய தட்டச்சுப் பொறிகள் பலவற்றில் 1 என்னும் இலக்கத்துக்கு விசையே கிடையாது. சிறிய ‘எல்’ எழுத்தை அடித்து அதையே ஒன்றாகக் கொள்வது வழக்கம். பூஜ்யத்துக்குப் பதிலாகப் பெரிய ‘ஓ’வை அடித்ததும் உண்டு. கடிதம் வாசிக்கும் மனிதனுக்கு முன்பின் சொற்களைக் கொண்டு எது எழுத்து, எது இலக்கம் என்பது விளங்கிவிடும். கணினிக்கு அந்த விவேகம் இல்லை. அதற்கு எழுத்து வேறு, இலக்கம் வேறு. ஆகவே துளைஅட்டைக் காலத்தில் நிரலைக் காகிதத்தில் எழுதித் தந்தவர்கள் இரண்டில் ஒன்றுக்குக் கோடு போட நேர்ந்தது. சில இடங்களில் பூஜ்யத்தைக் கோடிட்டார்கள். வேறு சில இடங்களில் ‘ஓ’ எழுத்தைக் கோடிட்டார்கள். ஓரிடத்துத் தாள் மற்றோர் இடத்துக்குப் போனால் பொருள் தலைகீழாகிவிடும்.

இன்றைக்கும் இக்குழப்பம் தீர்ந்தபாடில்லை என்பதற்கு நிரல்மொழிகளை வகுத்த பெரியவர்களே சாட்சி. பைத்தான் மொழியின் நடைவிதிகளைத் தொகுத்த பெப் 8 என்னும் ஆவணம், சிறிய ‘எல்’, பெரிய ‘ஓ’, பெரிய ‘ஐ’ ஆகிய மூன்றையும் தனியெழுத்துப் பெயர்களாக ஒருபோதும் வைக்காதீர்கள் என்று விதிக்கிறது. சில எழுத்துருக்களில் அவை ஒன்றினின்றும் பூஜ்யத்தினின்றும் பிரித்தறிய முடியாதவை என்பதே அது கூறும் காரணம். நீண்ட முழுஎண்ணைக் குறிக்க இறுதியில் ‘எல்’ சேர்க்கும் ஜாவா மொழியின் இலக்கணமும், சிறிய எழுத்து ஒன்று என்னும் இலக்கம்போல் தோன்றும் ஆதலால் பெரிய எழுத்தையே போடுவது நலம் என்று அறிவுறுத்துகிறது. பிட்காயின் முகவரிகளை எழுதும் 58 குறிகளின் வரிசையில் பூஜ்யம், பெரிய ‘ஓ’, பெரிய ‘ஐ’, சிறிய ‘எல்’ என்னும் நான்கும் விலக்கப்பட்டதற்கும் இதுவே ஹேது. எழுத்துருவில் இருக்கும் குறைக்காக மொழியின் விதிகளே வளைந்துகொடுக்கும்போது, அக்குறையை நம் மேஜையில் நாமே நீக்கிக்கொள்ள வழியிருந்தும் சும்மா இருப்பது நியாயமாகத் தோன்றவில்லை.

எழுத்தின் உருவத்தில் கைவைப்பது அபசாரமோ என்று தயங்குகிறவர்கள் நம் மொழியின் சரித்திரத்தைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் பெரும்பாலும் ஓர் உருவமாகவே நின்றன. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேற்றுமை காண ஏடு படிக்கும் புலவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் பிரித்துக் காட்டும் உருவங்களை 18-ஆம் நூற்றாண்டில் வழக்குக்குக் கொணர்ந்தவர் என்று வீரமாமுனிவரைப் போற்றுகிறோம். ரகரத்தின் அடியில் ஒரு சாய்கோடு இழுத்துக் காலினின்று வேறுபடுத்தும் வழக்கத்தையும் கைக்கொண்டோம். பெரியார் 1935-இல் தம் பத்திரிகையிலேயே ஆளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்துக்களைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றுக்கொண்டது. இன்று பள்ளிப் பிள்ளைகள் எழுதும் ணா, றா, னை, லை எல்லாம் அந்தத் திருத்தத்தின் பயன்தான். படிப்பவன் மயங்காமல் இருக்க எழுத்தைத் திருத்துவதில் நமக்கு அனுபவம் உண்டு.

இனி, பூஜ்யத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று நெருங்கிப் பார்ப்போம். 13 பிக்சல் அளவில் நிரலைப் படிக்கிறவருடைய சாதாரணத் திரையில், 600 கூறு அகலமுள்ள எழுத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 8 பிக்சல். இரண்டு பக்க இடைவெளிக்கு ஒவ்வொன்றும், வளையத்தின் இரு தண்டுகளுக்கு ஒவ்வொன்றும் போக, பூஜ்யத்தின் வயிற்றுக்குள் மிஞ்சுவது நாலே பிக்சல். அந்த நாலு பிக்சலுக்குள் ஒரு சாய்கோட்டை நுழைத்தால் அது படிக்கட்டைப்போல் உடைந்து, இரு பக்கத் தண்டுகளோடும் ஒட்டிக்கொண்டு, வயிறு இரண்டு அறையாகப் பிரிந்துவிடுகிறது. இரவு நேரத்தில் சோர்ந்த கண்ணுக்கு அது 8 என்றே படுகிறது. நடுவில் இரண்டு பிக்சல் சதுரமாக ஒரு புள்ளி வைத்தாலோ சுற்றிலும் ஒரு பிக்சல் வெளிச்சம் மிஞ்சுகிறது. பூஜ்யம் பூஜ்யமாகவே நிற்கிறது. தடித்த எழுத்தில் அந்த வெளிச்சமும் அடைபட்டுப்போகும். அப்போது புள்ளியைச் செங்குத்தாக நீட்டிச் சிறு கோடாக்குவது உசிதம். ஜெட்பிரெயின்ஸ் மோனோவின் பூஜ்யம் அவ்விதமானது. அடர்ந்த பிக்சல்களுள்ள புதிய திரைகளில் இக்கணக்கு மாறுகிறது; அங்கே சாய்கோடு தெளிவாகத் தெரியும். அப்போதும் கோடு வளையத்தைத் தாண்டி வெளியே நீளலாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம், ஏனெனில் வெளியே நீண்ட கோட்டோடு கூடிய ‘ஓ’ டேனிஷ் மொழியிலும் நார்வே மொழியிலும் ஒரு தனி உயிரெழுத்து. புள்ளியோ கோடோ எதுவானாலும், பூஜ்யத்தின் உடலையும் சற்று ஒடுக்கி, பெரிய ‘ஓ’வின் தோள்களைச் சற்று அகட்டிவிட்டால், உள்ளே இருக்கும் குறியைத் தேடுவதற்கு முன்பே ஓரக்கண்ணுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

சிறிய ‘எல்’ விஷயமும் இத்தகையதே. கூரியரில் அதற்கு மேலே இடப்பக்கம் ஒரு கொடியும், கீழே இருபுறமும் பாதமும் உண்டு. 1 என்னும் இலக்கத்துக்கும் அவையே உண்டு. இடப்பாதத்தை நீக்கி, தண்டின் அடியை வலப்பக்கமாக வளைத்துவிட்டால் ‘எல்’ தன் தனித்துவத்தைப் பெறுகிறது; ஒன்றுக்குக் கொடியும் பாதமும் இருக்கட்டும்; பெரிய ‘ஐ’க்கு மேலும் கீழும் தட்டையான பட்டை போதும்.

நிறுத்தக்குறிகளை எழுத்துரு வரைவோர் பலரும் உரைநடைக்கென்றே வரைகிறார்கள். உரைநடையில் முற்றுப்புள்ளி அடங்கி ஒடுங்கி இருப்பது அழகு. நிரலிலோ ஒரு புள்ளி, ஒரு காற்புள்ளி, ஓர் அரைப்புள்ளி இவற்றின்மீதே வாக்கியத்தின் ஜீவன் தங்கியிருக்கிறது. ஆகவே இவற்றைப் பெரிதாக்குங்கள். நெளி அடைப்புக்குறியின் நடுமூக்கை நன்றாக நீட்டி, சாதாரண வளைவு அடைப்பினின்று பிரித்துக்காட்டுங்கள். மேலே பறக்கும் நட்சத்திரக்குறியைப் பெருக்கற்குறியாக வாசிக்கும்படி கூட்டல், கழித்தல் குறிகளின் மட்டத்துக்கு இறக்குங்கள்.

இவற்றையெல்லாம் செய்வதற்கு எழுத்துரு வரையும் கலையில் பாண்டித்தியம் வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். பெரும்பான்மையோருக்குத் தேவையான மாற்றங்கள் எழுத்துருக்களின் உள்ளேயே மாற்றுருவங்களாக ஒளிந்திருக்கின்றன. ஃபிரா கோட் என்னும் எழுத்துருவில் வழக்கமாக வருவது புள்ளி வைத்த பூஜ்யம். எடிட்டரின் அமைப்புக் கோப்பில் அதற்குரிய நான்கெழுத்துக் குறியைச் சேர்த்தால் கோடிட்ட பூஜ்யம் வந்துவிடும். டேவிட் ஜோனதன் ராஸ் 2014-இல் வெளியிட்ட இன்புட் என்னும் எழுத்துருவிலோ, பதிவிறக்கம் செய்யும்போதே சிறிய ‘ஏ’, ‘ஜி’, ‘ஐ’, ‘எல்’, பூஜ்யம், நட்சத்திரக்குறி, வரி உயரம் முதலானவற்றை நம் இஷ்டப்படி தேர்ந்துகொள்ளலாம். இந்த நெறியின் எல்லைவரை சென்றது ஐயோசெவ்கா. அதன் எழுத்துக்கள் கையால் வரையப்பட்டவை அல்ல, நிரலாகவே எழுதப்பட்டவை. 500 கூறு என்னும் ஒடுங்கிய அகலமுடைய அந்த எழுத்துருவுக்கு, எந்த எழுத்துக்கு எந்த உருவம், எவ்வளவு அகலம், எவ்வளவு தடிப்பு என்று ஒரு சிறு திட்டக்கோப்பில் எழுதிக் கொடுத்துவிட்டால், நாம் வேறெந்த நிரலையும் கட்டமைப்பதுபோலவே நமக்கென ஓர் எழுத்துருவைக் கட்டி எடுத்துக்கொள்ளலாம். நிரல் எழுதுகிறவனுக்கு இதைவிட இயல்பான வழி வேறில்லை.

எடிட்டரில் மாற்றுருவம் தெரிந்தும் டெர்மினலில் தெரியவில்லை என்று சிலர் குறைப்படுவதுண்டு. டெர்மினல்கள் பலவற்றுக்கு மாற்றுருவக் குறிகளைக் கேட்கும் வழக்கம் இல்லை. ஓபன்டைப் ஃபீச்சர் ஃப்ரீசர் என்னும் சிறு கருவி, நாம் விரும்பும் மாற்றுருவத்தை எழுத்துருவுக்குள்ளேயே நிரந்தர உருவமாக உறையச் செய்து புதிய கோப்பாகத் தந்துவிடும்.

விரும்பிய உருவம் எங்கும் கிட்டாதபோது எழுத்துரு வரையும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜைத் திறந்து நாமே வரையலாம். அங்கே கவனிக்க வேண்டியவை சில உண்டு. சாய்கோட்டின் கோட்டுருவை வளையத்தின் வெளிக்கோடு செல்லும் திசையிலேயே அமைக்க வேண்டும்; எதிர்த்திசையில் அமைந்துவிட்டால், கோடு வளையத்தைத் தொடும் இரண்டு இடங்களிலும் மை விலகி வெண்மையான ஓட்டை விழும். திசையைத் திருத்துவதற்கென்று கட்டளை ஒன்று உண்டு. ஏற்றுமதிக்கு முன் அதை ஓட்டிவிடுங்கள். எழுத்தின் அகலம் ஒரு கூறுகூடப் பிசகலாகாது. 600 என்றால் எல்லாவற்றுக்கும் 600. ஒன்று பிசகினாலும் இது சம அகல எழுத்துருவே அல்ல என்று சில மென்பொருள்கள் பட்டியலிலிருந்து தள்ளிவிடும். சாதாரண உருவத்தைத் திருத்தியவர்கள் தடித்த உருவத்தையும் சாய்ந்த உருவத்தையும் மறந்துவிடுவது சகஜம். எடிட்டர் குறிச்சொற்களைத் தடித்துக் காட்டும்போது பழைய பூஜ்யம் அங்கே திரும்பவும் தலைகாட்டும்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்ன சோர்ஸ் கோட் புரோ, ஃபிரா கோட், ஜெட்பிரெயின்ஸ் மோனோ, ஐயோசெவ்கா யாவும் எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் வழங்கப்பட்டவை. திருத்தலாம், பகிரலாம், திருத்திய உருவத்தை அதே உரிமத்தோடு பிறருக்கும் தரலாம். எழுத்துருவை மட்டும் தனியே விலைக்கு விற்கலாகாது. மூல ஆசிரியர் தம் எழுத்துருவின் பெயரை ஒதுக்கி வைத்திருந்தால், நீங்கள் திருத்தியதற்கு வேறு பெயர் சூட்டியாக வேண்டும். இந்தப் பெயர் நிபந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன். உங்கள் கைப்பிழை மூல ஆசிரியரின் பெயரில் உலாவக் கூடாதல்லவா? விலை கொடுத்து வாங்கும் எழுத்துருக்களில் பலவற்றுக்குத் திருத்தும் அனுமதி கிடையாது. உரிமத்தைப் படிக்காமல் அவற்றைத் தொடாதீர்கள்.

லிகேச்சர் எனப்படும் கூட்டெழுத்துக்களைப் பற்றி உங்களில் பலருக்கும் என்னோடு கருத்து மாறுபடும் என்று அறிவேன். வியப்புக்குறியும் சமக்குறியும் சேர்ந்து ‘!=’ என்று வரும் இடத்தில், கணிதத்தில் காணும் கோடிட்ட சமக்குறி ஒன்றைக் காட்டுவது ஃபிரா கோட் முதலான எழுத்துருக்களின் சிறப்பம்சம்; பார்வைக்கு அது ரம்மியமானதே. ஆயினும் கோப்பில் இருப்பது இரண்டு குறிகள். திரையில் தெரிவது ஒன்று. இரண்டையும் அடித்தால்தான் ஒன்று கிடைக்கும் என்பது புதிதாகக் கற்கும் மாணவனுக்கு எவ்விதம் தெரியும்? யூனிகோடில் அதே உருவத்தோடு ஒரு குறி தனியாகவும் இருப்பதால், திரையில் காண்பது எது என்ற சந்தேகம் தேர்ந்தவருக்கும் எழக்கூடும். அன்றியும் எழுத்துருவுக்கு நிரலின் பொருள் தெரியாது. மேற்கோளுக்குள் சாதாரண வாசகமாக வரும் குறிகளையும் அது பொருளறியாமல் சேர்த்துவிடும். தனியே அமர்ந்து வேலை செய்பவர் வைத்துக்கொள்ளட்டும். வகுப்பில் பாடம் நடத்துபவர்களும், கூட்டத்தில் திரையைப் பகிர்பவர்களும், நூல் அச்சிடுபவர்களும் கூட்டெழுத்தை அணைத்துவிட வேண்டும் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டெழுத்து இல்லாமலே நெருக்கத்தைத் தணிக்கும் வழியும் இப்போது பிறந்திருக்கிறது: 2023-இல் கிட்ஹப் வெளியிட்ட மோனாஸ்பேஸ் என்னும் எழுத்துருவில், நெருக்குண்ட ‘எம்’முக்கு அருகில் ஒல்லியான எழுத்து வந்தால், கட்டத்தின் அகலம் மாறாமலே, அதனிடமிருந்து கொஞ்சம் இடம் இதற்குக் கைமாறுகிறது. குறிகளைத் திரிக்காத இத்தகைய நயத்தை நான் மனமார வரவேற்கிறேன்.

உங்களில் மூத்தவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நுண்ணிய எழுத்து மங்கத் தொடங்குவது இயற்கை. அதை வெளியில் சொல்லக் கூசிக்கொண்டு இளைஞர்களுடைய அளவிலேயே படிப்பவர்களைப் பார்க்கிறேன். அளவைக் கூட்டினால் வரி உடைகிறதே என்று வருந்துபவர்கள், ஒடுங்கிய எழுத்துரு ஒன்றை எடுத்து அளவைக் கூட்டிப் பாருங்கள். 600 கூறு எழுத்தை 13 பிக்சலில் படிக்கும்போது வரிக்கு எத்தனை எழுத்து அடங்குமோ, 500 கூறு எழுத்தை 15 பிக்சலில் படிக்கும்போதும் அதைவிட ஒருசில கூடவே அடங்கும். பார்வைக் குறைவு உடையோருக்காக அமெரிக்காவின் பிரெயில் இன்ஸ்டிடியூட் முன்னின்று உருவாக்கிய அட்கின்சன் ஹைப்பர்லெஜிபிள் எழுத்துருவுக்கு இப்போது சம அகல வடிவமும் இருக்கிறது, இலவசமாகவே கிடைக்கிறது.

கடைசியாக, தமிழ் எழுத்துக்கள் நிரலுக்குள் வரும் இடம். குறிப்புரையிலும், பயனர் படிக்கும் வாசகங்களிலும் நாம் தமிழை எழுதுகிறோம். நாம் ஆசையோடு திருத்திய எழுத்துருவில் தமிழ் இராதபடியால், இயங்குதளம் தனக்குத் தோன்றிய வேறோர் எழுத்துருவை அங்கே கொண்டுவந்து நுழைக்கிறது. தமிழ் வரும் வரி மட்டும் உயர்ந்தோ தடித்தோ நிற்கிறது. எடிட்டரின் எழுத்துரு வரிசையில் உங்கள் எழுத்துருவுக்கு அடுத்ததாக நோட்டோ சான்ஸ் தமிழ்போன்ற ஒன்றைப் பெயர் சொல்லிக் குறித்துவைத்தால் இந்த அலங்கோலம் பாதி தீரும். ஆனால் ‘ணௌ’ என்னும் எழுத்தையும் ‘ர’ என்னும் எழுத்தையும் 600 கூறு என்ற ஒரே கூண்டில் அடைக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். அவ்வாறு அடைத்தால் ஒன்று நசுங்கும், மற்றொன்று தனித்து மிதக்கும். தமிழ் தன் இயல்பான அகலங்களோடே இருக்கட்டும். தண்டின் கனத்திலும், எழுத்தின் உயரத்திலும், வரியின் இடைவெளியிலும் நிரல் எழுத்துருவோடு இசைந்து நிற்கும் துணை எழுத்துரு ஒன்று நமக்கு வேண்டும். அதில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேற்றுமை 13 பிக்சலிலும் துலங்க வேண்டும். எகரமும் 7 என்னும் தமிழ் இலக்கமும், ககரமும் 1 என்னும் தமிழ் இலக்கமும் ஒன்றையொன்று ஒத்திராமல், சிறு அடையாளமாவது பெற்று விலகி நிற்க வேண்டும்.

உங்களில் கோடு இழுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். அளந்து பார்க்கும் பொறுமையுடையவர்களும் இருக்கிறீர்கள். இருவரும் கூடி இதை எடுத்துச் செய்தால், திறந்த உரிமத்தோடு, மூலக் கோப்புக்களையும் சேர்த்தே வெளியிடுங்கள். எந்த எழுத்தை எதற்காக எவ்வளவு மாற்றினீர்கள் என்ற குறிப்பையும் கூடவே வையுங்கள். வரைய ஆள் அகப்படாமல் சோதித்துப் பார்க்க மட்டும் ஆள் வேண்டுமென்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்; வேறு வேறு திரைகளில் வேறு வேறு அளவுகளில் படித்துப் பார்த்துக் குறை நிறைகளை எழுதி அனுப்பச் சித்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் தொழிலில் ஒரு தோழன்